பலகைமேல் ஒரு மலைப்பாதை

அஞ்சல் தலை சேர்ப்பவரை நாம் அறிவோம்; பழங்காசு திரட்டுபவரையும் அறிவோம். ஆனால் ஒரு பலகையின்மேல் தண்டவாளம் பதித்து, நிலையம் எழுப்பி, விரற்கடை உயர மனிதரை நடைமேடையில் நிறுத்தி, கால அட்டவணை தவறாமல் வண்டி ஓட்டி மகிழ்பவரைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. கேட்டால், "அது குழந்தைகள் விளையாட்டு அல்லவா?" என்பர். விளையாட்டுத்தான், அதில் ஐயமில்லை. ஆயினும் இயக்கவியலும் மின்னியலும் தச்சும் ஓவியமும் ஊர் வரலாறும் ஒரே பலகையில் வந்து கூடும் விளையாட்டு வேறொன்று உண்டா என்று சொல்லுங்கள். இக்கலையின் கதையைச் சுருக்கமாகவும் அதனுள் இருக்கும் விஞ்ஞானத்தைச் சற்று விரிவாகவும் சொல்லி, நம் மன்றத்து நண்பர்கள்முன் ஒரு வேலையையும் வைக்க விரும்புகிறேன்.

பொம்மை ரயில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியக் கடைகளில் விற்றன. ஆனால் ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த பாதையில் ஓடாது. ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891-ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில், எண்ணிட்ட தண்டவாள அளவுகளையும், துண்டு துண்டாகச் சேர்த்து நீட்டிக்கொள்ளத்தக்க பாதையையும் அறிமுகம் செய்தது. விளையாட்டு ஒரு முறைக்குள் வந்தது அப்போதுதான். இன்று ஒரு வட்டம் வாங்கியவன் அடுத்த ஆண்டு ஒரு கிளைப்பாதை வாங்கி அதனோடு பொருத்தலாம். இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில் பொம்மைகளை வெளியிட்டார். சுழி என்று எண்ணிட்ட பாதையின் அகலம் 32 மில்லிமீட்டர், பின்னர் அதில் பாதியளவான பாதை வந்தது, அகலம் 16.5 மில்லிமீட்டர். 'பாதிச் சுழி' என்னும் பொருளில் அதற்கு எச்.ஓ. என்று பெயர். உண்மைப் பொருளில் 87-இல் ஒரு பங்கு அதன் அளவு. உலகில் மிகுதியாக வழங்குவது இதுவே. 1962-இல் ஆர்னால்டு நிறுவனம் 9 மில்லிமீட்டர்ப் பாதையையும், 1972-இல் மெர்க்லின் 6.5 மில்லிமீட்டர்ப் பாதையையும் கொண்டுவந்தன. கடைசியாகச் சொன்ன பாதையின் எஞ்சினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குச் செல்லலாம்.

நம் நாட்டில் இது மன்னர் மாளிகையில் ஒரு விதமாக நுழைந்தது. குவாலியர் ஜெய் விலாஸ் அரண்மனையின் விருந்து மேசையில் வெள்ளியாலான ஒரு சிறு ரயில் விருந்தினர்க்குப் பானங்களைச் சுமந்து சுற்றிவரும். அது செல்வத்தின் காட்சி. அதைக் காட்டிலும் நம் கருத்துக்கு உகந்தது புனேயில் நடந்தது. அங்குப் பாவூசாகேப் ஜோஷி என்பவர் தம் வாழ்நாள் ஆர்வத்தைத் தம் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு நகரத்தையே எச்.ஓ. அளவில் அமைத்து, அதில் வண்டிகளை ஓடவிட்டு, 1998 ஏப்ரல் 1 அன்று கோத்ரூட் பகுதியில் ஒரு காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிரௌன் சகோதரர் 2001-இல் தொடங்கிய 'மினியாடூர் வுண்டர்லாண்ட்' இத்துறையின் பெரிய அதிசயம். அதன் பாதை நீளம் 16 கிலோமீட்டருக்கு மேல். இருந்தாலும் புனேயின் தனிமனித முயற்சியையே நான் ஒரு படி உயர்வாக மதிக்கிறேன். அயல்நாட்டில் இப்பொருள்கள் தெருமுனைக் கடையில் கிடைக்கும். இங்கு ஒவ்வொன்றையும் தேடிப் பெறவேண்டும், அல்லது கையால் செய்யவேண்டும்.

நம் திருவனந்தபுரத்து வேளியில் 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கதிரவ மின்சாரச் சிற்றரயிலைச் சிலர் நினைக்கக்கூடும். சுமார் இரண்டரைக் கிலோமீட்டர்ப் பாதை, நீராவி எஞ்சின் போன்ற தோற்றம், செயற்கைப் புகை. நல்ல முயற்சிதான். ஆனால் அது ஏறி அமர்ந்து செல்வது. நான் சொல்லும் கலை வேறு. அங்கே நாம் பயணி. இங்கே நாமே நிலைய அதிகாரி, எஞ்சின் ஓட்டுநர், பாதைச் செப்பனிடுபவர், சில சமயம் கடவுளும்கூட. மலை வேண்டும் என்றால் மலையை வைத்துக்கொள்ளலாம்.

மாணவர் சங்கம் ஒன்று இதை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946-இல் மாதிரி ரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய இருபதாம் எண் கட்டடத்தில் அவர்களுக்கு ஓர் அறை கிடைத்தது. சங்கத்தில் இரு வகையினர் இருந்தனர். ஒரு சாரார் பலகைக்கு மேலே வீடும் மரமும் செய்து வண்ணம் பூசினர். மற்றவர் பலகைக்குக் கீழே படுத்துக்கொண்டு, தொலைபேசி நிலையத்தில் பயன்படும் மின்காந்த விசைகளைக் கொண்டு, எந்த வண்டி எந்தத் தடத்தில் செல்லவேண்டும் என்பதை ஆளும் சுற்றுகளை அமைத்தனர். கீழே படுத்திருந்தவர்களில் சிலர் பின்னர் கணிப்பொறியின்பால் சென்றனர். 'ஹேக்கர்' என்னும் சொல் கணிப்பொறி உலகில் பரவியதற்கு அச்சங்கத்துப் பேச்சுவழக்கு ஒரு முக்கிய ஊற்று. 1962-இல் வெளிவந்த 'ஸ்பேஸ்வார்' என்னும் கணிப்பொறி விளையாட்டை எழுதியவர்களிலும் அச்சங்கத்தார் உண்டு. வண்டி எங்கே நிற்கிறது, அடுத்த பகுதி காலியாக உள்ளதா, எந்தக் கிளை திறக்கவேண்டும் என்ற கேள்விகள் யாவும் 'ஆம்', 'இல்லை' என்ற விடைகளால் ஆனவை. கணிப்பொறியின் உள்ளமும் அதுவே. ஆகவே அவர்கள் தடம் மாறிப் போகவில்லை. அதே தடத்தில் முன்னே சென்றார்கள்.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். நம் நாட்டு அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வருகிறது. கடைத் தண்டவாளமோ 16.5, அது 1435 மில்லிமீட்டர்ப் பாதை கொண்ட மேலை நாடுகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. நம் எஞ்சினை 87-இல் ஒன்றாகச் செய்து அதன்மேல் ஏற்றினால் மார்பு அகன்றும் கால் ஒடுங்கியும் நிற்கும். இதற்கு வழி எளிது. தண்டவாளத்தை மாற்ற முடியாவிட்டால் அளவை மாற்றவேண்டும். 100-இல் ஒன்றாகச் செய்தால் அகலப்பாதை 16.8 மில்லிமீட்டர் ஆகும். கடைத் தண்டவாளத்துக்கு அது ஏறத்தாழப் பொருந்துகிறது. கணக்கும் சுலபம், ஒரு மீட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர். மீட்டர் பாதை வேண்டுமா? 16.5-ஐ 60-ஆல் பெருக்குங்கள், 990 மில்லிமீட்டர். ஆக, 60-இல் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அதே கடைத் தண்டவாளம் மீட்டர் பாதையாகிவிடும்! சுமார் 19 மீட்டர் நீளமுள்ள மீட்டர் பாதைப் பெட்டி ஒன்று 32 சென்டிமீட்டர் வரும். கையால் செய்பவருக்கு இது வாய்ப்பான அளவு. சன்னல் கம்பியைக்கூடக் கண்ணாடி வில்லை இல்லாமல் ஒட்டலாம்.

நீளம் 60-இல் ஒன்றாகும்போது பரப்பு 3,600-இல் ஒன்றாகிறது. பருமனும் எடையும் 2,16,000-இல் ஒன்றாகின்றன. கலிலியோ 1638-ஆம் ஆண்டு நூலில் விளக்கிய கருத்து இது. மீட்டர் பாதையில் ஓடிய ஒய்.டி.எம். 4 என்னும் டீசல் எஞ்சின் 72 டன். அதை 2,16,000-ஆல் வகுத்தால் 333 கிராம் வருகிறது. ஒரு நல்ல மாதிரி எஞ்சினின் எடையும் இதை ஒட்டியே இருக்கும். எடையில் நியாயம் கிடைத்துவிட்டது, வேகத்தில்தான் சிக்கல். மலைப்பாதையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறும் வண்டி, மாதிரியில் விநாடிக்கு 14 சென்டிமீட்டர் செல்லவேண்டும். 120 சென்டிமீட்டர்ப் பலகையைக் கடக்க ஏறக்குறைய 9 விநாடி. புதிதாக ஓட்டுபவர் எல்லோரும் இதைப்போல் மும்மடங்கு வேகத்தில் ஓட்டுவர். அப்போது அது ரயிலாக இல்லாமல் எலியாகிவிடுகிறது.

அடுத்து நிற்கும் தூரம். விசை நின்ற பிறகு உராய்வினால் மட்டும் ஓர் உண்மை வண்டி 600 மீட்டர் உருண்டு நிற்பதாகக் கொள்வோம். மாதிரி வண்டி அதற்கேற்ப 10 மீட்டர் உருண்டால்தான் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். ஆனால் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 60-இல் ஒன்றானால் தூரம் 3,600-இல் ஒன்று. உராய்வெண் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் மாதிரி வண்டி சுமார் 17 சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும். மின்சாரம் ஒரு நொடி விட்டுவந்தால் வண்டி தலை குப்புற நிற்பதுபோல் நிற்பதன் காரணம் இதுவே. அளவைச் சுருக்கலாம், நிலைமத்தைச் சுருக்கி ஏமாற்ற முடியாது. அதனால்தான் நல்ல எஞ்சின்களில் மின்னோடியின் அச்சில் பித்தளையாலான ஒரு சுழற்சக்கரத்தைப் பொருத்துகின்றனர். வண்டியின் ஓட்டத்தில் இல்லாத ஆற்றலை அச்சின் சுழற்சியில் சேர்த்துவைக்கும் தந்திரம் அது. முதலாண்டு இயற்பியல் மாணவருக்குச் சுழல் நிலைமத்தைக் கரும்பலகையில் விளக்குவதைவிடச் சக்கரம் உள்ள எஞ்சினையும் இல்லாத எஞ்சினையும் அருகருகே ஓடவிட்டுக் காட்டுவது மேல் என்பது என் துணிபு.

மின்சாரத்தின் பகுதி இன்னும் சுவையானது. எளிய முறையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையே 12 வோல்ட் நேர்மின்சாரம் தரப்படும். வலத் தண்டவாளம் நேர்முனை, இடம் எதிர்முனை என்றால் வண்டி முன்னே செல்லும். முனைகளை மாற்றினால் பின்னே செல்லும். இப்போது வண்டியைத் திருப்புவதற்காகப் பாதையை ஒரு கண்ணிபோல் வளைத்து அதே பாதையில் கொண்டுவந்து சேருங்கள். என்ன ஆகிறது? சுற்றி வந்த இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொடுகிறது. குறுக்குச் சுற்று! தாளில் வரைந்து, இடக்கோட்டைச் சிவப்பாகவும் வலக்கோட்டைக் கறுப்பாகவும் தீட்டிப் பாருங்கள். சேருமிடத்தில் சிவப்பும் கறுப்பும் முட்டிக்கொள்ளும். தீர்வு இது: கண்ணியின் இரு முனைகளிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டி, இடையில் மின்கடத்தாப் பொருளை வைக்கவேண்டும். கண்ணிக்குத் தனியே இருவழி மாற்றுவிசை ஒன்று. வண்டி கண்ணிக்குள் முழுவதும் சென்றபின், முதன்மைப் பாதையின் முனைகளை மாற்றிவிட்டு வெளியே விடவேண்டும். கண்ணியின் நீளம் வண்டியின் நீளத்தைவிடக் குறைந்தால் இம்முறை பயன்படாது.

வண்டியை மெல்லக் கிளப்புவதற்கு மின்தடையைச் சேர்த்து மின்னழுத்தத்தைக் குறைப்பது பழைய முறை. நிற்கும் உராய்வு ஓடும் உராய்வைவிட மிகுதி. ஆதலால் வண்டி முரண்டுபிடித்து நின்று, பிறகு திடீரெனப் பாயும். அதற்குப் பதிலாக முழு 12 வோல்ட்டையும் துடிப்புத் துடிப்பாகத் தந்து, துடிப்பின் அகலத்தை மட்டும் கூட்டிக் குறைத்தால் எஞ்சின் ஊர்ந்து புறப்படும். ஓர் ஆர்டுயினோ பலகையும் ஒரு மின்னோடி இயக்கியும் இருந்தால் ஆயிரம் ரூபாய்க்குள் இதைச் செய்துவிடலாம். மின்னணுவியல் ஆய்வகத்தில் நாம் செய்யும் பயிற்சிதான் இது. இதற்கும் மேலே ஒரு முறை உண்டு. தண்டவாளத்திலேயே செய்தியையும் அனுப்பி, ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓர் எண் கொடுத்து, அதனுள் இருக்கும் சிறு சில்லு தன் எண்ணைக் கேட்டால் மட்டும் கீழ்ப்படியுமாறு செய்வது. 1990-களில் இதற்குப் பொது விதி ஏற்பட்டது. வசதியானதுதான், ஆனால் மாணவர் கைக்கு முதலில் எளிய முறையே போதும் என்பேன். சிக்கல் வந்தபின் அதைத் தீர்க்கும் கருவியை வாங்குவதுதான் அழகு.

நண்பர்களே, இனி அந்த வேலையைச் சொல்லுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து படிக்கும் நம்மில் பலர் நாகர்கோவில் வழியாகவே வருகிறோம். அந்தப் பாதை 1979-இல்தான் வந்தது. அதற்கு முன் திருவனந்தபுரத்தையும் தமிழ்நாட்டையும் நேராக இணைத்த இருப்புப்பாதை கொல்லம், புனலூர், செங்கோட்டை வழியாகச் சென்ற மீட்டர் பாதை. கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே அது 1904-இல் திறந்தது. 1918-இல் திருவனந்தபுரத்துச் சாக்கை வரையிலும், 1931-இல் தம்பானூர் வரையிலும் நீண்டது. தம்பானூரில் ஏறியவர் பாதையின் அகலம் மாறாமலே எழும்பூரில் இறங்கலாம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து, பிறகு சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லை மாறியபோதும் வண்டி மாறவில்லை. 1976-இல் திருவனந்தபுரம், கொல்லம் பகுதி அகலப்பாதையாயிற்று. புனலூர், செங்கோட்டை இடையே சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பகுதி மட்டும் 2010 வரை மீட்டர் பாதையாகவே நின்றது. பிறகு மூடி, மாற்றி, 2018-இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். மாற்றம் வேண்டியதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய பாதையின் உருவம் இன்று தரையில் இல்லை. அதில் வேலை செய்தவர்களின் நினைவிலும், யார் யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கும் நிழற்படங்களிலும்தான் இருக்கிறது. நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர்கள் இன்று முதுமையில் இருப்பார்கள். இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே அம்மலைப்பாதையை 60-இல் ஒன்றாக நாம் பலகைமேல் கட்டவேண்டும் என்பது என் விருப்பம். முழுவதையும் கட்டினால் 800 மீட்டருக்கு மேல் வரும். விடுதித் தாழ்வாரம் போதாது. இடமண், ஒற்றக்கல், தென்மலை, கழுதுருட்டி, ஆரியங்காவு, பகவதிபுரம் என்று சில இடங்களை மட்டும் தேர்ந்துகொண்டு இடைவெளியைச் சுருக்கவேண்டும். ஒவ்வொரு பலகையும் 120 சென்டிமீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். பலகையின் இரு முனைகளிலும் தண்டவாளம் வரும் இடமும், அடியில் வரும் மின்கம்பி இணைப்பும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கவேண்டும். நடுவே என்ன செய்வதென்பது செய்பவர் உரிமை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு பலகையை எடுத்துக்கொள்ளலாம். இரவில் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். மன்ற விழாவன்று எல்லாவற்றையும் கொண்டுவந்து இறுக்கிப் பூட்டினால் பாதை முழுமையாகும். மெர்க்லின் 1891-இல் கண்ட அதே வழிதான்; பிறர் துண்டோடு என் துண்டு பொருந்தவேண்டும், அவ்வளவே.

ஏற்றம் பற்றி ஒரு வார்த்தை. அம்மலைப்பாதையின் கடும் ஏற்றம் 37-க்கு ஒன்று. அதாவது ஒரு பலகைக்கு 3.2 சென்டிமீட்டர். பத்துப் பலகையில் 32 சென்டிமீட்டர் உயரும். ஆதலால் கால்களின் உயரத்தைப் பலகைக்குப் பலகை கணக்கிட்டு அறுக்கவேண்டும். மீட்டர் பாதைக் காலத்தில் பின்னாலிருந்து தள்ளுவதற்கு இரண்டாம் எஞ்சின் உண்டு. மாதிரியிலும் அதை வைக்காவிட்டால் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரே மின்னழுத்தத்தில் இரு எஞ்சின்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பின்னது விரைந்தால் நடுவிலுள்ள பெட்டிகள் நெருக்குண்டு வளைவில் வெளிப்புறம் சாயும்; முன்னது விரைந்தால் இழுபட்டு உட்புறம் சாயும். விரைந்த எஞ்சினின் சுற்றில் இரு டயோடுகளை எதிரெதிராக இணைத்துச் சேர்த்தால், எத்திசையில் ஓடினாலும் சுமார் 0.7 வோல்ட் குறையும். வேகம் ஒத்துவரும்வரை இவ்வாறு சேர்த்துக்கொண்டே போகலாம்.

பொருள்களுக்கு அஞ்சவேண்டா. எஞ்சினின் அடிப்பாகமும் தண்டவாளமும் மட்டும் விலை கொடுத்து வாங்கவேண்டியவை. அதை மன்றம் பொதுவில் வாங்கலாம். பெட்டிகளின் உடலை அட்டையாலோ சன்போர்டாலோ செய்யலாம். கேரளத்து இளைஞர் பலர் பேருந்துகளின் மாதிரிகளை இவற்றால் எவ்வளவு நுட்பமாகச் செய்கிறார்கள் என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவரை அழைத்து இரண்டு மாலை பாடம் கேட்டாலே போதும். மண்ணுக்குத் தென்னை நார்த்தூள்; புல்லுக்குச் சாயமேற்றிய மரத்தூள். ரப்பர்த் தோட்டத்துக்கு ஒரே உயரக் குச்சிகளை வரிசையாக நட்டால் புனலூர் வந்துவிடும். சரளைக்குச் சலித்த பாறைப்பொடி. அதைப் பரப்பியபின் நீர்விட்டுக் கரைத்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அதில் ஒரு துளி சோப்பு நீர் சேர்க்க மறக்கவேண்டா. பரப்பு இழுவிசை குறையாவிட்டால் பசை உருண்டையாகத் திரண்டு பொடியையே தூக்கிக்கொண்டு நிற்கும். நம் ஊர்க் கடற்காற்றுக்கும் இடவப்பாதி மழைக்கும் இரும்புத் தண்டவாளம் துருவேறும்; நிக்கல் வெள்ளித் தண்டவாளமே வாங்குக. பெயரில்தான் வெள்ளி, உண்மையில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பலகையும் நீர் தாங்கும் ஒட்டுப்பலகையாக இருக்கட்டும்.

ஆய்வுக்குச் செல்பவர் ஒருவர், வரைபவர் ஒருவர், மின்சாரம் அறிந்தவர் ஒருவர் என்று மூவர் மூவராகச் சேர்வது நல்லது. ஆய்வுக்குச் செல்பவர் விஞ்ஞான மாணவராக இருக்கவேண்டியதில்லை. வரலாறோ தமிழோ படிப்பவர் நன்றாகக் கேட்பார். செங்கோட்டை, தென்காசிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பழைய ரயில்வே ஊழியர் குடும்பங்களைப் பார்த்து, நிலையத்தின் சுவர் என்ன நிறம், தண்ணீர்த் தொட்டி எந்தப் பக்கம், கைகாட்டி மரம் எங்கே நின்றது என்று கேட்டு எழுதிவரலாம். நிழற்படத்தைக் கையோடு கொண்டுவரவேண்டா. அங்கேயே கைப்பேசியில் படியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுக.

முதற் பலகைக்கு வளைவு இல்லாத ஒரு நேர்ப்பாதையும் ஒரு சிறு மதகும் போதும். கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தை எல்லோரும் முதலில் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை இரண்டு பலகை கட்டிக் கை பழகியவர்களுக்கே கொடுக்கவேண்டும். இடம் போதவில்லை என்று பன்னிரண்டு கண்ணாக்கிவிடவும் கூடாது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர் பார்க்க வந்தால் முதலில் எண்ணுவது அதைத்தான்.